ஊரில் நடையும் சீனி வருத்தமும்: விடுமுறையில் போகிறவர்களுக்கு

லண்டனிலோ ரொறன்ரோவிலோ உங்கள் வைத்தியர் சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, எழுதித் தந்த மருந்தளவு, அங்குள்ள வாழ்க்கைக்குக் கணக்குப் பார்த்தது. காரில் போய் வருவது, கதிரையில் வேலை, நேரத்துக்குச் சாப்பாடு, குளிர். யாழ்ப்பாணத்தில் இறங்கிய மறுநாளே அந்தக் கணக்குக் குழம்பிவிடும். விடியக் கோயில், பத்து மணிக்கு மாமி வீடு, அங்கிருந்து வெயிலில் சந்தை, மத்தியானச் சாப்பாடு இரண்டரைக்கு. வீட்டுக்கு வீடு பலகாரம் நீட்டுவார்களே, சீனி ஏறிவிடுமே என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஏறுகிற சீனியைச் சரிசெய்ய நாட்கள் இருக்கின்றன. நடந்த களைப்பில் சட்டென்று இறங்குகிற சீனியும், வெறுங்காலில் வருகிற புண்ணும் அவ்வளவு அவகாசம் தருவதில்லை.

புறப்பட முன்

நாலைந்து கிழமைக்கு முன்பே கிளினிக்கில் கண், நெஞ்சு, மருந்து மூன்றையும் பற்றிக் கேளுங்கள். விழித்திரையில் புதுக் குருதிக்குழாய்கள் முளைத்தவர்கள் மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்கினால் கண்ணுக்குள் இரத்தம் கசியலாம். கிணற்றில் வாளி இழுப்பதும் சூட்கேசை வான் வண்டிக்குள் தூக்கி ஏற்றுவதும் பாரம் தூக்குவதுதான். வருடக்கணக்காக அசையாமல் இருந்துவிட்டுக் கோணேசர் கோயில் ஏற்றத்துக்கோ சிவனொளிபாதமலைக்கோ திட்டம் போடுகிறவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு இதய அடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல், வழக்கத்துக்கு மாறான மூச்சுவாங்கலாகவும் களைப்பாகவும் மட்டும் வரலாம்.

மருந்தில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்களுடைய குளிசை சீனியை எல்லைக்குக் கீழே இறக்கக்கூடியதா என்பது. இன்சுலின், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், கிளிமெபிரைட் ஆகியவை இறக்கும். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு நடையால் அந்த ஆபத்து மிகக் குறைவு. அவர் பையில் இனிப்புச் சுமந்து திரியத் தேவையில்லை.

தங்கும் நாட்களுக்கு வேண்டியதைப்போல இரு மடங்கு மருந்தும் சோதனைப் பட்டிகளும் எடுங்கள். சீனி பார்க்கும் உங்கள் மீற்றருக்குரிய பட்டியும், சீனியைத் தொடர்ந்து காட்டக் கையில் ஒட்டும் உணரியும் ஊர்ப் பாமசியில் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். எல்லாம் கைப்பையில்தான் வர வேண்டும். விமானத்தின் அடியறையில் போகிற பெட்டிக்குள் இன்சுலின் உறைந்துபோகலாம். உறைந்து இளகியது பார்வைக்கு நல்லதுபோலவே இருந்தாலும் வேலை செய்யாது. பேனா ஊசியில் முனையைப் பூட்டியபடி விமானத்தில் வைத்திருந்தால் அழுத்த மாற்றத்தில் காற்றுக் குமிழி புகும். ஆகவே முனையை ஒவ்வொரு முறையும் கழற்றிவிடுங்கள்.

சென்னை வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொன்று. இந்தியாவில் 1 மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்ட இன்சுலின் குப்பிகள் இன்னமும் விற்பனையில் உண்டு. நீங்கள் பழகியது 100 அலகு. நாற்பதுக்கான சிரிஞ்சியில் நூறு அலகு மருந்தை 10 என்ற கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 அலகு. குப்பியும் சிரிஞ்சியும் ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நேர மாற்றத்தில் கனடாக்காரருக்கு ஒரு வசதி. ரொறன்ரோவில் இரவு 10 மணிக்குப் போடுகிற நீண்டநேர இன்சுலின், கோடைகாலத்தில் இலங்கை நேரப்படி காலை 7.30க்கு வரும், குளிர்காலத்தில் 8.30. இரண்டு மூன்று கிழமைக்கு அதையே காலை ஊசியாக வைத்துக்கொள்ளலாம். லண்டன்காரருக்கு அதே ஊசி அதிகாலை 2.30 அல்லது 3.30க்கு விழும். அதனால் புறப்பட முன் சில நாட்களாகச் சிறிது சிறிதாக நேரத்தை நகர்த்துவது எப்படி என்று தாதியிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நடக்க முன் ஒரு சொட்டு இரத்தம்

ஊரில் ஆய்வுகூடமும் வைத்தியரும் மில்லிகிராம் கணக்கில் பேசுவார்கள். பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா மீற்றர்கள் மில்லிமோல் காட்டும். அதை 18ஆல் பெருக்க மில்லிகிராம் வரும். "எனக்கு இண்டைக்கு எட்டு" என்று மொட்டையாகச் சொன்னால், வைத்தியர் அதை மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c சோதனையின் எண் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. எதன் எட்டு என்று சொல்லிவிடுங்கள்.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்த பிறகே குத்த வேண்டும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டிய விரலில் எடுத்த சொட்டு, இல்லாத சீனியைக் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டுவிட்டு நடக்கப் போனால் நடுத்தெருவில் விழ வேண்டியதுதான்.

இன்சுலினோ மேலே சொன்ன குளிசைகளோ எடுப்பவர் நடை தொடங்கும்போது 90 முதல் 250 மில்லிகிராம் வரை, அதாவது 5 முதல் 13.9 மில்லிமோல் வரை, இருப்பது நல்லது. 90க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாச்சத்துச் சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடுங்கள். சிறிய வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 15 கிராம் இருக்கும். 70க்குக் கீழே என்றால் நடையை விட்டு வைத்தியத்தைப் பாருங்கள். 250க்கு மேலே இருக்கிற முதலாம் வகை நீரிழிவினர் இரத்தத்தில் கீற்றோன் (இன்சுலின் போதாமல் கொழுப்பு எரியும்போது சேரும் அமிலம்) பார்க்க வேண்டும். அது 1.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று நடை கிடையாது. உடனே சிகிச்சை தேவை. இரண்டாம் வகையினர் உடம்பு சுகமாக, தண்ணீர் போதியளவு குடித்திருந்தால் மெதுவாக நடக்கலாம். ஆனால் 300ஐத் தாண்டிய சீனியோடு வெயிலுக்குள் இறங்க வேண்டாம். சலமாகப் போய் உடம்பு ஏற்கெனவே வற்றியிருக்கும்.

சாப்பாட்டுக்கு முன் விரைவு இன்சுலின் போடுகிறவர், சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் நடப்பதானால் அந்த ஊசியைக் குறைக்க வேண்டிவரும். அரைமணி மெதுநடைக்கு ஏறத்தாழ கால்வாசி, ஒரு மணி நேரத்துக்குப் பாதி என்பது முதலாம் வகையினருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் தொடக்க அளவு. உங்களுக்குரிய எண்ணை வைத்தியரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு புறப்படுங்கள். நடக்கிற நாளில் தொடையில் ஊசி போடாமல் வயிற்றில் போடுங்கள். அசைகிற தசையிலிருந்து மருந்து விரைவாக ஏறும்.

வியர்வையை நம்ப முடியாத இடம்

குளிர்நாட்டில் திடீரென்று வியர்த்தால் சீனி இறங்குகிறது என்று உடனே புரியும். யாழ்ப்பாண வெயிலில் எல்லோருக்கும் வியர்க்கிறது. தலை சுற்றினால் "வெயில்தான்" என்று நிழலில் இருத்தி இளநீர் வெட்டித் தருவார்கள். பிரஷருக்கு பீற்றா தடுப்பி (beta blocker) என்ற வகைக் குளிசை எடுப்பவருக்கு நெஞ்சுப் படபடப்பும் கை நடுக்கமும்கூடத் தெரியாமல் போகலாம். ஆகவே ஊரில் இருக்கும் வரைக்கும் சட்டம் இதுதான்: ஒரு மாதிரியாக இருந்தால் குத்திப் பாருங்கள், மீற்றர் கையில் இல்லாவிட்டால் இறங்கியதாகவே எடுத்து இனிப்பைச் சாப்பிடுங்கள். உணரியை மட்டும் பார்க்கிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. நடக்கும்போது அது உண்மையான சீனிக்குச் சில நிமிடங்கள் பிந்தியே ஓடும்.

70க்குக் கீழே இறங்கினால் விரைவாக ஏறும் சீனி 15 கிராம் எடுத்து, 15 நிமிடம் இருந்து, மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு 15. குளுக்கோஸ் வில்லைகள் மிகச் சுலபம். இல்லாவிட்டால் அரைக் கிளாஸ் தண்ணீரில் மட்டமாக மூன்று நாலு தேக்கரண்டி சீனி. சோடா என்றால் லேபலில் நிற அடையாளம் இருக்கும். இலங்கையில் 2016 முதல் சீனி அளவை நிறத்தால் காட்டுகிறார்கள். பச்சை அடையாளம் போட்டதில் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராமுக்கும் குறைவு. இந்த நேரத்தில் அது பிரயோசனப்படாது. தொதலும் சொக்லேட்டும் பால்தேத்தண்ணியும் வேண்டாம், கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். பனங்கட்டி சீனியை ஏற்றாது என்று சொல்லுகிற வீடுகள் நிறைய. ஏற்றும், ஆனால் கடித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். சரியான பிறகு, அடுத்த சாப்பாடு ஒரு மணி நேரத்துக்கு அப்பால் என்றால் இரண்டு பிஸ்கற் சாப்பிடுங்கள்.

நீண்ட நடைக்குப் பிறகு தசைகள் இரவு முழுக்கச் சீனியை இழுத்துக்கொண்டே இருக்கும். படுக்கப்போக முன் பாருங்கள். அன்று மாலை கள்ளோ சாராயமோ எடுத்தவர் விடியற்காலையும் ஒருமுறை பார்க்க வேண்டும். மதுவை முறிக்கிற வேலையில் ஈரல் சீனி வெளியிடுவதைக் குறைத்துவிடும்.

எப்போது, எங்கே, எவ்வளவு

வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு கிழமை வேண்டும். முதல் மூன்று நாள் 15 நிமிடத்துக்கு மேல் போகாமல், பிறகு நாளுக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். சூரியன் வருடம் முழுக்க ஆறு மணியளவில்தான் உதிக்கும். ஐந்தே முக்காலுக்கு வெளிக்கிட்டு ஏழுக்குள் திரும்புவது நல்லது. கையில் ரோர்ச் வேண்டும்; பாம்பும் குழியும் அந்த நேரத்தில்தான். தெருநாய் கடித்தால், சின்னக் கீறல் என்றாலும், 15 நிமிடம் சவர்க்காரத்தால் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நகரத்தில் ஆரியகுளத்தைச் சுற்றியும் பண்ணைக் கடலோரத்திலும் கோட்டைப் பக்கமும் காலையில் நடக்கிறவர்கள் இருப்பார்கள். தனியே போகத் தேவையில்லை.

இவ்வளவும் முடியாத நாளில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பின் வளவுக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்தால் போதும். புட்டுக்குப் பிறகு அந்தப் பத்து நிமிடம் செய்கிற வேலை, புட்டைத் தவிர்த்து மாமியோடு மனத்தாங்கல் ஆவதைவிட மேல். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் வருகிற ஏழெட்டு மணி நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள்.

காலுக்குக் கோயில் வீதி

ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கண்ணை மூடிப் படுத்திருங்கள். வேறொருவர் இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை விரலால் மெல்ல, அழுத்தாமல், ஒன்றிரண்டு செக்கன் தொடட்டும். ஆறு இடத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் உங்கள் கால் உணர்வு குறைந்தது என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவருக்கு நல்லூர்த் திருவிழா கவனமாகப் போக வேண்டிய இடம். 25 நாளும் வீதியில் வெறுங்கால்தான். 24ஆம் நாள் தேரன்று பத்து மணி வெயிலில் மணலும் தாரும் சுடுவது உங்களுக்குத் தெரியாது. மாலையில் காலுறையைக் கழற்றும்போதுதான் கொப்புளம் தெரியும். விடியற்பூசைக்குப் போய் வெயில் ஏறமுன் திரும்பிவிடுங்கள். அங்கப் பிரதட்சணம் வெறுவயிற்றில் செய்வது. இன்சுலின் எடுப்பவருக்கு அது ஏற்றதல்ல, உணரியும் பிய்ந்துபோகும். கந்தசஷ்டி விரதத்துக்கும் வைத்தியரிடம் கேட்டுத்தான் மருந்தை மாற்ற வேண்டும். டபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் என்ற நீரிழிவுக் குளிசைகளை எடுப்பவர் பட்டினி கிடந்தால், மீற்றரில் எண் பெரிதாக இல்லாதபோதே கீற்றோன் நஞ்சு ஏறலாம்.

மற்ற இடங்களில் செருப்பு மட்டும் போதாது. பழகிய சப்பாத்தும் பருத்திக் காலுறையும் வேண்டும். ஊருக்கென்று புதுச் சப்பாத்து வாங்கினால் புறப்பட முன்பே போட்டு இளக்கிவிடுங்கள். காலையில் போட முன் உள்ளே கைவிட்டுத் தடவ மறக்க வேண்டாம், மணலும் இருக்கும், மட்டத்தேளும் இருக்கும். கீரிமலையிலும் கசூரினாக் கடற்கரையிலும் தண்ணீருக்குள்ளேயும் காலில் ஏதாவது இருக்கட்டும். முருகைக்கல்லும் பனங்கருக்கும் கிழித்தது வலிக்காமலே போய்விடும். மாரியில் வயல் சேற்றுக்குள் இறங்குவதை அடியோடு விடுங்கள். எலிக்காய்ச்சலோடு மெலியோய்டோசிஸ் என்ற மண் கிருமி நோயும் இலங்கையில் உண்டு, அது அதிகம் பிடிப்பது நீரிழிவுக்காரரை.

ஒவ்வொரு இரவும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். கீறல் இருந்தால் சுத்தமான தண்ணீரால் கழுவி, மருந்துத் துணி கட்டுங்கள். மஞ்சளும் கோப்பித்தூளும் வேண்டாம். மறுநாள் சிவப்போ வீக்கமோ தெரிந்தால் நடையை நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். ஒரு கிழமை பார்ப்போம் என்று இருந்துவிட்டால் விரலே போகலாம்.

சூடு, வாந்தி, அவசரம்

பாவனையில் உள்ள இன்சுலின் பொதுவாக 30 பாகைக்குக் கீழே 28 நாள் வரை தாங்கும். உங்களுடையதன் தாளைப் பாருங்கள். ஊர்ச் சூடு பகலில் 30ஐத் தாண்டும். குளிரூட்டியில் உறையறைக்குத் தள்ளி வையுங்கள். மின்சாரம் நிற்கும் நாளில் ஈரமணல் போட்ட மண்பானைக்குள் சிறு மண்குடத்தை இறக்கி, மருந்தைப் பொலித்தீனில் சுற்றி அதற்குள் வைத்து மூடினால் அறையைவிடச் சில பாகை குறையும். நிறுத்திய வானுக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் நடை வேண்டாம். ஒரு பைக்கற் ஜீவனியை (உப்பும் சீனியும் கலந்த கரைசல் தூள்) 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அதில் சீனி உண்டென்று பயந்து தவிர்க்கத் தேவையில்லை. மெற்போமினையும் மேலே சொன்ன டபாகிளிபுளோசின் வகையையும் நன்றாகச் சாப்பிடும் வரை நிறுத்துவது வழக்கம். நீண்டநேர இன்சுலினை ஒருபோதும் முழுதாக நிறுத்தக் கூடாது.

தங்கும் வீட்டில் ஒருவருக்காவது இதைச் சொல்லி வையுங்கள்: நினைவு தப்பியவரின் வாயில் சீனித் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து, குளுக்ககோன் (சீனியை ஏற்றும் அவசர மருந்து) இருந்தால் கொடுத்து, 1990ஐ அழைக்க வேண்டும். நாடு முழுக்க ஓடுகிற அந்த இலவச அம்புலன்ஸ் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும். உங்கள் மருந்துப் பட்டியலின் ஒரு பிரதியைக் குளிரூட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் உங்கள் கைப்பையை யாரும் கிண்டித் தேடமாட்டார்கள்.