எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பணம் கட்டும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

புது ஃப்ரிட்ஜுக்கு பில் போடும்போதே, "இன்னும் கொஞ்சம் கட்டுங்க, மூணு வருஷம் கூடுதல் வாரண்டி" என்பார்கள். உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

படி 1: கம்பெனியின் வாரண்டி அட்டையை வாங்கிப் படியுங்கள். கதவில் ஒட்டியிருக்கும் '10 வருஷ வாரண்டி' பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும்தான். முழு ஃப்ரிட்ஜுக்கு வழக்கமாக ஒரு வருஷமே. ஐந்தாம் வருஷம் கம்ப்ரஸர் போனால் அது இலவசமாக வரலாம். கேஸ் நிரப்புவதும் மெக்கானிக் கூலியும் பெரும்பாலும் உங்கள் செலவு. இன்வெர்ட்டர் மாடலின் (கம்ப்ரஸர் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வகை) பிசிபி போர்டு, அதாவது அதை இயக்கும் மின்னணுப் பலகை, போனாலும் அப்படித்தான். ஆகவே போர்டு, கேஸ், கூலி மூன்றும் சேர்ந்திருந்தால்தான் கூடுதல் வாரண்டிக்குப் பணம் கட்டுவதில் அர்த்தம் உண்டு. இந்த ஒன்றை மட்டும் அவசியம் எழுத்தில் பாருங்கள். சேல்ஸ்மேன் வாயால் சொல்வது பிறகு உதவாது.

படி 2: வாரண்டி தருவது யார்? தயாரித்த கம்பெனியா, கடையா, நடுவில் வேறொரு நிறுவனமா? என்னைக் கேட்டால் தயாரித்த கம்பெனி தருவதையே எடுப்பேன். ரிப்பேருக்கு வருவதும் அவர்கள் ஆள், பாகமும் அவர்களுடையது.

படி 3: இவற்றைக் கேளுங்கள். கூடுதல் காலம் பில் தேதியிலிருந்தா, முதல் வருஷம் முடிந்த பிறகா? வோல்டேஜ் ஏற்ற இறக்கம், எலி கடித்த ஒயர் இதில் வருமா? பாகம் கிடைக்காவிட்டால் தேய்மானம் கழித்து எவ்வளவு தருவார்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஃப்ரிட்ஜின் முக்கிய உதிரிபாகங்கள் சிலவற்றைக் குறைந்தது 7 வருஷம் கிடைக்கச் செய்யவேண்டும் என்று விதி உண்டு. நம் மத்திய அரசு 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' (பழுதுபார்க்கும் உரிமை) என்ற இணையதளம் தொடங்கியது. உங்கள் பிராண்டின் சர்வீஸ், உதிரிபாக விவரம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: பில்லையும் சீரியல் நம்பரையும் அன்றே போட்டோ எடுங்கள். தெர்மல் காகித பில் சீக்கிரம் மங்கிவிடும். வாரண்டி சான்றிதழும் கைக்கு வரவேண்டும். பில்லில் ஒரு வரி போதாது.

படி 5: ரிப்பேர் செய்ய மறுத்தால் காரணத்தை மெயிலில் கேளுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும்.