எகிப்தியரின் இதயத் தீர்ப்புக் காட்சியைப் படிக்கும் முறை

பண்டைய எகிப்தியரின் மறுமை நம்பிக்கையை அறிய விரும்புவோர், கடவுளரின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்வதைவிட, ஒரு படத்தை நிதானமாகப் படிக்கக் கற்றுக்கொள்வதே நல்ல தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மிகவும் ஏற்றது, இறந்தவரின் இதயத்தைத் தராசில் நிறுக்கும் தீர்ப்புக் காட்சி. முதலாம் சேத்தி மன்னரின் காலத்தில் அரச எழுத்தராக இருந்த ஹுனெஃபர் என்பவருக்காக ஏறத்தாழ கி.மு. 1280-இல் எழுதப்பட்ட பாப்பிரஸ் சுருளில் அக்காட்சி மிகத் தெளிவாக வரையப்பட்டுள்ளது. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அதன் படத்தை அந்த அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம்; அதை அருகில் வைத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படிப்பது நல்லது.

முதலில், ஒரே நேரத்தில் நடக்கும் நிகழ்ச்சியாக அதைக் கருதாமல், இடமிருந்து வலமாக நகரும் கதையாகப் பாருங்கள். இடது ஓரத்தில் வெள்ளாடை அணிந்த ஹுனெஃபரை நரித்தலை கொண்ட அனுபிஸ் கைப்பிடித்து அழைத்து வருகிறார். சற்றுத் தள்ளி அதே அனுபிஸ் தராசருகே மண்டியிட்டு அதைச் சரிபார்க்கிறார். பிறகு அதே ஹுனெஃபரைப் பருந்துத்தலை கொண்ட ஹோரஸ், மறுமை உலகின் அரசரான ஒசிரிஸின் முன் கொண்டு நிறுத்துகிறார். ஓர் உருவம் மீண்டும் வரும் இடமெல்லாம் கதையின் அடுத்த கட்டம் என்று கொண்டால் குழப்பம் நீங்கிவிடும்.

அடுத்து, தராசில் அதிக நேரம் செலவிடுங்கள். ஒரு தட்டில் சிறு குடுவை போலத் தெரிவது இதயம். மற்றொன்றில் இருப்பது உண்மை, நீதி, உலக ஒழுங்கு ஆகிய மூன்றையும் குறிக்கும் மாஅத் தேவியின் இறகு. எகிப்தியர் சிந்தனையும் நினைவும் இதயத்தில் இருப்பதாக நம்பினர். ஆகவே உடலைப் பதப்படுத்தும்போது மூளையை மூக்கின் வழியாக எடுத்தவர்கள், இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டுவைத்தனர். ஒருவர் வாழ்நாளில் செய்தவை அனைத்தையும் அறிந்த அந்த இதயமே தீர்ப்பு மன்றத்தில் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடக்கூடும் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. அதனால், தனக்கு எதிராக எழுந்து நிற்க வேண்டாம் என்று இதயத்திடமே வேண்டும் மந்திரத்தை வண்டு வடிவக் கல்லில் பொறித்து மம்மியின் மார்பில் வைத்தனர். தன் இதயத்திடமே மன்றாடும் இந்த வேண்டுதலைப் போல் எகிப்தியரை நமக்கு நெருக்கமாக்குவது வேறொன்று இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

தட்டுகள் சமமாக நிற்பதையும் கவனியுங்கள். இதயம் இறகைவிட இலேசாக இருக்க வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். படம் காட்டுவதோ சமநிலையை. மேலும், இந்தச் சுருள் இறந்தவரின் நன்மைக்காகவே எழுதப்பட்டுக் கல்லறையில் வைக்கப்பட்டது என்பதால், அவர் தோற்பதாக அதில் வரைய இடமே இல்லை. நடந்ததைப் பதிவு செய்யும் படமாக அல்லாமல், நடக்க வேண்டியதை உறுதிப்படுத்தும் மந்திரமாக அதைப் படிப்பதே சரியான முறை.

தராசின் அருகில் முதலைத் தலை, சிங்கத்தின் முன்னுடல், நீர்யானையின் பின்னுடல் ஆகியவற்றோடு காத்திருப்பது அம்மித். தீர்ப்பில் தவறியவரின் இதயத்தை அது விழுங்கிவிடும். அத்துடன் அவர் முற்றாக அழிந்துபோவதையே இரண்டாம் சாவு என்று எகிப்தியர் அஞ்சினர். முடிவைக் குறித்துக்கொள்பவர் நாரைபோன்ற ஐபிஸ் பறவையின் தலை கொண்ட தோத்.

படத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய உரை, இறந்தவர்களின் நூல் என்று அழைக்கப்படும் தொகுப்பின் 125-ஆம் மந்திரம். அதில் இறந்தவர் 42 தெய்வங்களை ஒவ்வொருவராக விளித்து, தான் செய்யாத குற்றங்களைச் சொல்கிறார். கொலை செய்யவில்லை என்பதோடு, தராசில் ஏமாற்றவில்லை, குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை, ஓட வேண்டிய பருவத்தில் நீரைத் தடுக்கவில்லை என்ற மறுப்புகளும் இந்த மந்திரத்தில் உண்டு. நைல் வெள்ளத்தை நம்பி வாழ்ந்த மக்களுக்கு எது பாவமாகப் பட்டது என்பதை இவற்றிலிருந்து நேரடியாக உணரலாம்.

வலது ஓரத்தில் அரியணையில் இருக்கும் ஒசிரிஸ், தானே கொல்லப்பட்டு மீண்டும் உயிர்பெற்றவர். மம்மி வடிவில் இருப்பதும் அதனால்தான். பின்னால் நிற்பவர்கள் அவருடைய சகோதரிகளான ஐசிஸ், நெஃப்திஸ் என்னும் தேவியர். முன்னால் தாமரை மலரின்மேல் நிற்கும் நான்கு சிற்றுருவங்கள் ஹோரஸின் புதல்வர்கள். பதப்படுத்தும்போது வெளியே எடுக்கப்படும் கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றைக் காப்பவர்கள்.

எழுத்துகளை நெருங்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பொதுவாகச் சித்திர எழுத்தில் மனித, விலங்கு உருவங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். ஆனால் இச்சுருள்களில் செங்குத்துப் பத்திகளின் வரிசை பெரும்பாலும் அதற்கு எதிராக அமைந்திருக்கும். சிவப்பு மையில் இருப்பவை பெரும்பாலும் தலைப்புகளும் குறிப்புகளும். ஏறத்தாழ கி.மு. 1250-ஐச் சேர்ந்த அனி என்பவரின் சுருளில், முன்பே எழுதி வைக்கப்பட்ட பகுதிகளில் அவருடைய பெயர் பிறகு சேர்க்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

இக்காட்சி பழகியபின் அனியின் சுருளிலேயே 110-ஆம் மந்திரத்தின் படத்தைப் பாருங்கள். தீர்ப்பில் வென்றவர் நாணல் வயல் என்னும் மறுமை உலகில் உழுவதும் அறுவடை செய்வதும் அங்கே தெரியும். அந்த உழைப்பைத் தமக்குப் பதிலாகச் செய்ய உஷப்தி என்னும் சிறு பொம்மைகளையும் எகிப்தியர் கல்லறையில் வைத்தனர். பிற்காலத்தில் நாளுக்கு ஒன்றாக 365, மேற்பார்வைக்கு 36 என மொத்தம் 401 பொம்மைகள் ஒருவருக்கே வைக்கப்பட்டதும் உண்டு.