பாக்சிங் டே அன்று ரயில் ஓடாது

செப்டம்பரில் வந்து இறங்கியவர்களுக்கு இது இங்கிலாந்தில் முதல் டிசம்பர். வங்கிக் கணக்கு, ஜிபி (குடும்ப டாக்டர்) பதிவு, வாடகை வீடு எல்லாம் ஒருவழியாக முடிந்திருக்கும். இனி நிம்மதியாக ஃபுட்பால் மேட்ச் பார்க்கலாம் என்று உட்காரும்போதுதான் இந்த ஊரின் வேடிக்கை புரியும். சென்னையில் குளிர்காலச் சனிக்கிழமை இரவு எட்டரைக்கு டிவியைப் போட்டால் பிரீமியர் லீக் வந்துவிடும். அதே மேட்ச் இங்கே மதியம் மூன்று மணிக்கு, சில சமயம் உங்கள் வீட்டுக்கு நாலு மைல் தள்ளி நடக்கும். ஆனால் எந்தச் சேனலிலும் வராது.

சனிக்கிழமை 2:45 முதல் 5:15 வரை இங்கே எந்த மேட்சையும் நேரலையாகக் காட்டக் கூடாது. 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட் பிடித்த பிடிவாதம் இது. பெரிய கிளப்பை வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடிந்தால் சின்ன மைதானத்துக்கு யார் வருவார்கள் என்று கேட்டார். அந்த நேரத்தில் ஸ்கை சேனலில் ‘சாக்கர் சாட்டர்டே’ என்று ஒரு நிகழ்ச்சி ஓடும். பந்தைக் காட்ட மாட்டார்கள். பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்களைக் காட்டுவார்கள். முதல் தடவை சிரிப்பு வரும். இரண்டாம் மாதம் நீங்களும் உட்கார்ந்து பார்ப்பீர்கள்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வார இறுதி, 26ஆம் தேதி பாக்சிங் டே, வருடக் கடைசி, புத்தாண்டு என்று இரண்டு வாரத்துக்குள் மூன்று நான்கு சுற்று வந்துவிடும். பல நாடுகளில் வீரர்கள் விடுமுறைக்குப் போகும் நேரத்தில் இங்கே மூச்சுவிடாமல் ஆடுவார்கள். பழக்கம் அப்படி. உலகில் இரண்டு கிளப்புகள் முதன்முதலாக மோதியதே 1860 டிசம்பர் 26 அன்றுதான், ஷெஃபீல்டும் ஹாலமும். கிறிஸ்துமஸ் அன்றே ஆடிய காலமும் உண்டு. 1963 பாக்சிங் டேயைப் பற்றி இன்னும் பேசுவார்கள்: அப்போது உச்ச லீக்காக இருந்த முதல் டிவிஷனில் 10 மேட்ச், 66 கோல். ஃபுல்ஹம் இப்ஸ்விச்சை 10-1 என்று நொறுக்கியது. இரண்டே நாள் கழித்து இப்ஸ்விச் மைதானத்தில் அதே ஃபுல்ஹம் 4-2 என்று தோற்றது. பண்டிகைச் சாப்பாட்டின் வேலையோ என்னவோ.

சரி, நடைமுறைக்கு வருவோம். டிசம்பர் 25 அன்று லண்டனில் பஸ், டியூப் (மெட்ரோ ரயில்) எதுவும் கிடையாது. 26 அன்று டியூபும் பஸ்ஸும் குறைவாக ஓடும். நாட்டின் பெரும்பாலான ரயில்கள் ஓடாது. இது தெரியாமல் என் முதல் வருடத்தில் வடக்கே ஒரு பெரிய மைதானத்துக்கு, நண்பர் ஒருவர் தன் உறுப்பினர் கணக்கில் வாங்கித் தந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு, 24ஆம் தேதி இரவு ரயில் நேரம் தேடினேன். கோச்சில் (தொலைதூர பஸ்ஸில்) இடம் இல்லை. வாடகைக் கார் டிக்கெட்டைப் போல மூன்று மடங்கு கேட்டது. கடைசியில் பிரியாணியைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு ரேடியோவில் கேட்டேன். பிபிசி ரேடியோ 5 லைவ் வர்ணனை அருமையாக இருக்கும், காசும் இல்லை. ஆனாலும் கையில் டிக்கெட்டோடு ரேடியோ கேட்பது ஒரு தனி வயிற்றெரிச்சல்.

டிவிதான் வழி என்றால் ஸ்கை, டிஎன்டி என்ற இரண்டு சேனல்களுக்கும் சேர்த்துச் சந்தா கட்டுவது புதிதாக வந்த குடும்பத்துக்கு அதிகம். ‘நவ்’ ஆப்பில் ஒரு நாள் பாஸ் வாங்கி ஸ்கை மேட்சுகளைப் பார்க்கலாம். நேரலையை எதில் பார்த்தாலும், போனில் பார்த்தாலும்கூட, டிவி லைசென்ஸ் தனியாக வேண்டும். ஸ்கைக்குக் கட்டியதோடு அது முடியாது. கடைத்தெருவில் யாராவது “எல்லா மேட்சும் வரும் தம்பி” என்று டிவியில் செருகும் ஒரு ஸ்டிக்கை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது சட்டவிரோதம், விற்றவர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. 26 அன்று உங்கள் லிவர்பூலையும் ஆர்சனலையும் துரத்தாமல், வீட்டிலிருந்து நடந்தோ ஒரு பஸ்ஸிலோ போகக்கூடிய மைதானத்துக்குப் போங்கள். 2025 பாக்சிங் டே அன்று பிரீமியர் லீக்கில் ஒரே ஒரு மேட்ச்தான் இருந்தது. அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ மூன்றும் அன்றுகூட ஆடின. லண்டனில் டூட்டிங் பக்கம் இருந்தால் ஏஎஃப்சி விம்பிள்டன் பக்கத்தில்தான். பழைய விம்பிள்டன் கிளப்பை வேறு ஊரான மில்டன் கீன்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போக அனுமதி கிடைத்ததும், ரசிகர்களே 2002இல் தொடங்கிய கிளப் அது. கீழ்மட்டத்தில் ஆரம்பித்து ஏறி வந்து, 2020இல் பழைய கிளப் ஆடிய பிளவ் லேனுக்கே திரும்பினார்கள். ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் லெய்ட்டன் ஓரியன்ட். ஹாரோ ஆட்களுக்குக் கேனன்ஸ் பார்க் அருகே பார்னெட். அன்று சொந்த மைதானத்தில் ஆடுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கிளப்புகளில் உறுப்பினர் ஆகாமல் டிக்கெட் கிடைப்பது அபூர்வம். இந்தச் சின்ன கிளப்புகளில் அவர்கள் இணையதளத்திலேயே நேராக வாங்கலாம், பெரும்பாலும் 30 பவுண்டுக்குள். தெருவில் விற்பவரிடம் வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் ஃபுட்பால் டிக்கெட் விற்பது இங்கே குற்றம்.

லண்டனில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். குளிர் காலில்தான் முதலில் ஏறும்; சிமெண்ட் தரை சும்மா விடாது. இரண்டு ஜோடி சாக்ஸ் போடுங்கள், குழந்தைகளுக்கு மூன்று. ஏ4 தாளைவிடப் பெரிய பையைப் பல மைதானங்களில் விடமாட்டார்கள். உள்ளூர் ரசிகர்கள் பகுதியில் எதிரணிச் சட்டையோடு உட்கார்ந்தால் ஸ்டூவர்ட் (மைதான ஊழியர்) வந்து மரியாதையாக வெளியே அழைத்துப் போவார். அப்புறம், ஆவி பறக்க விற்கும் போவ்ரிலைப் பார்த்து ரசம் மாதிரி இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அது மாட்டிறைச்சிச் சாறு. மின்ஸ் பை நேர் எதிர்: பெயரில்தான் மின்ஸ், உள்ளே இருப்பது உலர்பழம். அதிலும் சில வகையில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பார்கள், சைவக்காரர்கள் கேட்டு வாங்குங்கள்.

நர்ஸ் வேலையிலும் கேர் ஹோமிலும் இருப்பவர்கள் ஷிஃப்ட் மாற்றுவதை நவம்பரிலேயே பேசிவிடுங்கள். கிறிஸ்துமஸ் அன்று நீங்கள் வேலை பார்க்கிறேன் என்றால் 26ஐ விட்டுத்தர ஆள் கிடைக்கும்.

ஜனவரியில், பெரிய கிளப்பும் சின்ன கிளப்பும் சேர்ந்து மோதும் எஃப்ஏ கோப்பையின் மூன்றாம் சுற்று. பெரிய கிளப்புகள் அங்கிருந்துதான் சேரும், யாருக்கு யார் என்பது குலுக்கல். 2025 பிப்ரவரியில், நான்காம் சுற்றில், மான்செஸ்டர் சிட்டியே லெய்ட்டனுக்கு வர வேண்டியிருந்தது. நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து அடித்த பந்து கோலாகி ஓரியன்ட் முன்னிலை பெற்றது. கடைசியில் சிட்டி 2-1 என்று தப்பித்தது. அந்த மாதிரி மேட்சுக்குச் சின்ன கிளப்புகள் சீசன் டிக்கெட்காரர்களுக்கும், ஏற்கெனவே டிக்கெட் வாங்கிய பதிவு இருப்பவர்களுக்கும் முன்னுரிமை கொடுப்பது வழக்கம். அதனால் பாக்சிங் டே டிக்கெட்டை நண்பர் கணக்கில் வாங்காமல் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.