சங்கு என்ற ஒரே சொல்லும் அதனால் நேரும் தவறுகளும்

மயிலாப்பூர் மாட வீதிகளின் பூசைப் பொருள் கடைகளிலும், மாமல்லபுரத்தில் சிப்பி மாலைகள் தொங்கும் கடைகளிலும், பெசன்ட் நகர்க் கடற்கரையில் அலை ஒதுக்கிய குவியலிலும் காண்பவற்றை எல்லாம் நாம் சங்கு என்றே சொல்கிறோம். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. ஏனெனில், சட்டம் அவற்றை இனம் பார்த்தே பிரிக்கிறது.

கடையில் வெளிப்படையாக விற்கப்படுவதால் ஒரு சங்கு சட்டத்துக்கு உட்பட்டது என்று நம்பிவிடக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் 2001இல் சங்கு, சிப்பி போன்ற மெல்லுடலிகளில் 24 இனங்கள் சேர்க்கப்பட்டன. பூசைக்கும் குழந்தைக்குப் பால் புகட்டவும் பயன்படும் வெண்சங்கு அவற்றில் இல்லை. ஆனால், டிரைட்டன் சங்கு, நாட்டிலஸ், கொம்புள்ள தலைக்கவசச் சங்கு ஆகியவை உண்டு. ஓட்டின் விளிம்பில் விரல்போன்ற நீட்சிகள் கொண்ட ஐவிரல் சங்கின் நிலை இன்னும் குழப்பமானது: லாம்பிஸ் லாம்பிஸ் என்னும் இனம் பட்டியலில் இல்லாதபோதும், அதன் நெருங்கிய உறவினங்கள் பல இருக்கின்றன. வரவேற்பறை அலமாரிக்காக வாங்குபவர் விரல்களை எண்ணி இனம் கண்டுபிடிப்பார் என எதிர்பார்ப்பது வீண்; பெயர் தெரியாததை வாங்காதிருப்பதே பாதுகாப்பு. பட்டியலில் உள்ளதை விற்பவர் மட்டுமன்றி வாங்குபவரும் சிக்கலுக்கு உள்ளாவார்.

வெண்சங்கு பட்டியலில் இல்லாததால் அது எங்கும் அள்ளக் கிடைப்பது என்று எண்ணுவதும் தவறே. மன்னார் வளைகுடாவில் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதியில் எதையும் சேகரிக்க இயலாது. அதைவிட முக்கியமானது அந்த உயிரின் இனப்பெருக்க முறை. மணற்பாங்கான அடித்தளத்தில் புழுக்களைத் தின்று வாழும் வெண்சங்கு, ஆட்டுக்கடாவின் கொம்புபோல் முறுக்கிய நீண்ட முட்டைக் கூட்டை மணலில் ஊன்றிவிடுகிறது. மீனவர்கள் இதைச் சங்குப்பூ என்பர். பல மெல்லுடலிகளின் இளவுயிரிகள் நீரோட்டத்தில் மிதந்து தொலைவுக்குப் பரவ, இக்கூட்டிலிருந்து வெளிவருபவையோ ஊர்ந்து செல்லும் குட்டிச் சங்குகள். ஆகவே, ஓரிடத்தில் சங்குகள் தீர்ந்துபோனால் அவ்விடம் மீண்டும் நிரம்ப நெடுங்காலம் ஆகும். கரையொதுங்கிய சங்குப்பூவை விநோதப் பொருள் என்று வீட்டுக்கு எடுத்துச் செல்வோர் இதை அறிந்திருப்பதில்லை.

வெற்று ஓடுதானே என்று பொறுக்குவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். துறவி நண்டுகள் தம் மென்மையான வயிற்றுப் பகுதியைக் காக்க அத்தகைய ஓடுகளையே நம்பியுள்ளன. உள்ளே பார்க்காமல் பையில் போட்டால், நண்டும் சேர்ந்தே போகும். உயிருள்ள கூம்பு வடிவச் சங்குகளைத் தொடவே கூடாது; அவற்றின் சில இனங்களின் நஞ்சு மனிதரைக் கொல்லவல்லது.

வழக்கமான வெண்சங்குக்கு எதிர்த்திசையில் சுழலும் அரிய வெண்சங்கே வலம்புரி; அந்தப் பெயரில் நடக்கும் ஏமாற்று தனி. அமெரிக்க அட்லாண்டிக் கடற்கரையில் வாழும் ஒரு சங்கினம் இயல்பாகவே அந்த எதிர்த்திசையில்தான் சுழலும்; அதை அரிய வலம்புரி என்று பெருந்தொகைக்கு விற்கிறார்கள். வாயின் உட்புறத் தண்டில் விரலை வைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும்: வெண்சங்கில் மூன்று அல்லது நான்கு வரம்புகள் தட்டுப்படும், அயல் இனத்தில் அந்த இடம் வழவழப்பாக இருக்கும்.