முதன்முறையாக மனநல ஆலோசகரிடம் போகிறீர்களா? ஆளைத் தேடுவதிலிருந்து நான்காவது அமர்வு வரை

ஆலோசகரைப் பார்க்கலாம் என்று மனது ஒப்புக்கொண்ட பிறகும் கால் நகராமல் நிற்பவர்கள் நிறையப் பேர். செலவும் நேரமும் ஒரு பக்கம் இருக்கட்டும். "நம் வீட்டு நிலவரம் அவருக்குப் புரியுமா?" என்பதுதான் உள்ளூர ஓடும் கேள்வி. மாமியாரோடு ஒரே சமையலறை, தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன், சாதி விட்டுக் காதல், சம்பளத்தை இன்னும் அப்பா கையில் கொடுக்கும் முப்பது வயது மகன். இதையெல்லாம் விளக்கவே பாதி நேரம் போய்விடுமோ? விளக்கி முடித்ததும், "கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்" என்று பெரியப்பா இலவசமாகச் சொன்னதையே இவர் காசு வாங்கிக்கொண்டு சொல்வாரோ?

நியாயமான பயம்தான். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், நல்லவர்களும் இருக்கிறார்கள். பிரித்துப் பார்க்க வழி உண்டு. தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து அதைச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதென்றால் கீழே உள்ள படிகளுக்குக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை இப்போதே அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தையும் 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம்.

படி 1: யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதுவது அவர் வேலை. மருத்துவ உளவியலாளர் பொதுவாக எம்.பில். வரை படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர். பரிசோதனைகள் செய்வார், பேச்சுவழி சிகிச்சை தருவார். ஆலோசகர் பெரும்பாலும் உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலை படித்தவர். பின்னவர்கள் இருவரும் மாத்திரை எழுதக் கூடாது.

நாள் கணக்கில் தூக்கமே இல்லை, யாரோ பேசுவதுபோல் காதில் குரல் கேட்கிறது, சாப்பிடவோ குளிக்கவோ எழுந்திருக்க முடியவில்லை என்றால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்கள் ஆலோசகரிடமிருந்து தொடங்கலாம். தேவைப்பட்டால் அவரே மருத்துவரிடம் அனுப்புவார். போவதற்கு முன் தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. படபடப்பும் ஓயாத சோர்வும் அவற்றாலும் வரும்.

படி 2: ஒரு பக்கம் எழுதுங்கள்

இணையத்தில் படித்த நோய்ப் பெயர்களை எழுத வேண்டாம். நடப்பதை அப்படியே எழுதுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"பொங்கலுக்குப் பிறகு விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. ஞாயிறு சாயங்காலம் ஆனால் வயிற்றைப் பிசைகிறது. அக்காவின் போனை எடுக்கத் தோன்றவில்லை. ஸ்கேன், ஈசிஜி எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்கிறார்கள். அம்மா குணசீலம் கோயிலுக்கு அழைத்துப்போனார். இரண்டு வாரம் நன்றாக இருந்தது."

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். கோயில், தர்கா, ஜெபக் கூட்டம், ஜோதிடர் சொன்ன பரிகாரம் எதையும் ஆலோசகரிடம் மறைக்கத் தேவையில்லை. அதைக் கேட்டு அவர் முகம் சுளித்தால் அவரைப் பற்றி உங்களுக்கு ஒரு தகவல் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தர்காவுக்குப் பெயர்போன ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில், சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் காப்பகத் தீயில் இறந்தார்கள். அந்தக் கொடுமைக்குப் பின் கட்டிவைப்பதற்கு எதிராகக் குரல் எழுந்தது நியாயம். ஆனால் மன ஆறுதலுக்காகச் சாமி கும்பிடுகிறவரை அதே கணக்கில் சேர்ப்பது அபத்தம். விவரம் தெரிந்த ஆலோசகர், "அந்த இரண்டு வாரம் எதனால் நன்றாக இருந்தது? அங்கே இருந்த அமைதியா, அம்மா கூடவே இருந்ததா?" என்று கேட்பார்.

உடம்பு உபாதைகளையும் எழுதுங்கள். நெஞ்சுப் படபடப்பு, தலைபாரம், உள்ளங்கால் எரிச்சல் என்று உடம்பின் வழியாக வேதனையைச் சொல்வது நம்மிடம் வழக்கம். "அதெல்லாம் இருக்கட்டும், மனதில் என்ன என்று சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்துபவர் சரிப்பட மாட்டார்.

படி 3: ஆளைத் தேடுங்கள்

பணம் தடையாக இருந்தால் அரசிடமிருந்து தொடங்குங்கள். மேலே சொன்ன 14416 நெருக்கடிக்கு மட்டுமான எண் இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவைக்குத் தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்று பெயர். பக்கத்தில் எங்கே போகலாம் என்றும் கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 1794-இல் தோன்றிய மனநலக் காப்பகம் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே புறநோயாளியாகப் போய் வருபவர்கள் ஏராளம். படங்களில் கேலி செய்து செய்தே அந்தப் பெயருக்கு இப்படியொரு பயத்தை ஏற்றிவைத்திருக்கிறோம்.

தனியாரிடம் போவதென்றால் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது நகரங்களில் சாதாரணம். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைப்பவர்களும் உண்டு. கேட்பதில் வெட்கம் வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். வாராவாரம் போய்ப் பேசிவிட்டு வருவதற்குக் கைக்காசுதான்.

தகுதியைக் கேளுங்கள். மூன்று மாதச் சான்றிதழோடு "கவுன்சலர்" பலகை மாட்டிக்கொள்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டால் தயங்காமல் தர வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தில் பலரோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. "நம்மவராக இருந்தால் புரிந்துகொள்வார்" என்று ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே சபை என்று தேடுகிறார்கள். நம்மவர் சில சமயம் கேட்காமலேயே எல்லாம் தெரிந்ததாக நினைத்துக்கொள்வார். நம் பக்கத்து வழக்கத்தை அவரும் நியாயம் என்றே நம்பியிருக்கலாம். சிறிய ஊர் என்றால் அவருடைய மைத்துனர் உங்கள் மாமனாரோடு காலையில் நடைப்பயிற்சி போகிறவராகவும் இருப்பார். அதற்கு, வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் வீடியோ அழைப்பில் பேசுவது எவ்வளவோ மேல். சாதி ஒடுக்குமுறையைப் பற்றியோ பாலின அடையாளத்தைப் பற்றியோ பேசப்போகிறவர்கள் விதிவிலக்கு. பட்டவருக்கே புரியும் விஷயங்கள் உண்டு. அப்படி ஒருவர் கிடைத்தால் அவரிடமே போங்கள்.

படி 4: பத்து நிமிடம் போனில் பேசுங்கள்

முதலில் ஒரு வாட்ஸ்அப் செய்தி: "வணக்கம். தூக்கமின்மைக்கும் வீட்டுப் பிரச்சினைக்கும் ஆலோசனை பெற விரும்புகிறேன். தமிழில் பேசுவீர்களா? கட்டணம் எவ்வளவு? முன்பதிவுக்கு முன் பத்து நிமிடம் பேச முடியுமா?" இதற்குமேல் எழுத வேண்டாம். கதை முழுவதையும் செய்தியில் கொட்டாதீர்கள்.

"தமிழ் தெரியுமா" என்று கேட்பதைவிட, "முழு அமர்வும் தமிழில் நடக்குமா" என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் படித்துவிட்டு வந்த சிலருக்குத் தமிழில் நலம் விசாரிக்க வரும், துக்கத்தைப் பற்றிப் பேச வராது. நீங்கள் எந்த மொழியில் சண்டை போடுவீர்களோ அந்த மொழியில் அமர்வு நடக்க வேண்டும்.

"குடும்பப் பிரச்சினைகளைப் பார்த்திருக்கிறீர்களா" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். உங்கள் வரம்பைச் சொல்லிக் கேளுங்கள்: "அப்பா அம்மாவை விட்டுத் தனியாகப் போகும் நிலையில் நான் இல்லை. அதற்குள் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?" உடனே தீர்ப்புச் சொல்கிறாரா, உங்களிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேள்வி கேட்டால் முன்பதிவு செய்யலாம்.

படி 5: வீட்டில் சொல்வதும் இடம் பிடிப்பதும்

எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் "தூக்கம் வராததற்கு ஒருவரைப் பார்க்கிறேன்" என்பது பொய்யும் இல்லை, வம்பும் இல்லை. யாராவது கூட வந்தால், முதலில் தனியாகப் பேச வேண்டும் என்று வரவேற்பிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கதையை அம்மாவும் சித்தப்பாவுமே சொல்லி முடித்துவிடுவார்கள். வீடியோ அழைப்பு என்றால் இயர்போன் கட்டாயம். மொட்டைமாடி, நிறுத்திய கார், மதிய இடைவேளையில் காலியான வகுப்பறை என எதுவும் ஆகும்.

படி 6: முதல் அமர்வு

45 முதல் 50 நிமிடம் வரை நடக்கும். பெயர், வேலை, வீட்டில் யார் யார், எப்போது தொடங்கியது என்று கேள்விகளிலேயே பெரும்பகுதி போகும். ஒன்றும் தீரவில்லையே என்று அன்றைக்கே சலித்துக்கொள்ள வேண்டாம். அழுகை வந்தால் அழலாம், வராவிட்டாலும் தவறில்லை. "மேடம்", "சார்" என்று அழைப்பதே வசதி என்றால் அப்படியே அழையுங்கள்.

ரகசியக் காப்பு பற்றி அவரே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். நீங்கள் பேசியதை வீட்டாரிடமோ அலுவலகத்திலோ அவர் சொல்லக் கூடாது. விலக்குகள் சிலவே: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, நீதிமன்ற உத்தரவு, குழந்தை மீதான பாலியல் குற்றம். கடைசியானதை 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அவர் தெரிவித்தே ஆக வேண்டும்.

இனி, பண்பாடு தெரிந்த ஆலோசகர் எப்படிப் பேசுவார் என்பதற்கு ஓர் உதாரணம். நீங்கள் சொல்கிறீர்கள்: "எங்கள் வீட்டில் அப்பா முன்னால் உட்கார்ந்து பேசும் வழக்கமே இல்லை."

ஒருவர் சொல்வார்: "அது தப்பு. நீங்கள் நேருக்கு நேர் தைரியமாகப் பேச வேண்டும்." இன்னொருவர்: "அப்பா என்றால் அப்படித்தான் இருப்பார். உங்கள் நல்லதுக்குத்தானே?" இருவருமே உங்கள் வீட்டைப் பார்க்கவில்லை.

மூன்றாமவர் கேட்பார்: "அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் யார் மூலமாகப் போகும்?"

"அம்மா மூலமாக. பெரிய விஷயம் என்றால் தாய்மாமா."

"மாமாவிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்?"

இந்த இரண்டு கேள்விகளில் உங்கள் வீட்டின் பாதை தெரிந்துவிட்டது. போகிற வழி அதுவாகவே இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அதை உங்களோடு சேர்ந்து தேடுவார். கனிவும் இதில்தான் தெரியும். "செல்லம்", "கண்ணா" என்று கொஞ்சுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த வாரம், "மாமா ஊரிலிருந்து வந்துவிட்டாரா?" என்று நினைவு வைத்துக் கேட்டால் அதற்கு மதிப்பு அதிகம்.

படி 7: நான்காவது அமர்வில் நிறுத்தி யோசியுங்கள்

அதற்குள் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் எதை நோக்கிப் போகிறீர்கள் என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் சொன்ன ஏதாவது உறுத்தினால் அவரிடமே சொல்லுங்கள்: "போன வாரம் எங்கள் வீட்டைப் பிற்போக்கு என்றீர்கள். அது எனக்குச் சங்கடமாக இருந்தது." பெரியவர்களைக் குறை சொல்லிப் பழகாத நமக்கு இது கடினம்தான். நல்ல ஆலோசகர் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார், விளக்கம் கேட்பார்.

சில விஷயங்களுக்கு இரண்டாம் வாய்ப்புத் தர வேண்டாம். உங்களைக் கேட்காமல் வீட்டுக்குப் போன் செய்வது, இன்னொருவர் கதையைப் பெயரோடு சொல்வது, தன் மதத்துக்கோ கட்சிக்கோ இழுப்பது, பணம் கடன் கேட்பது, "பத்தே அமர்வில் குணம்" என்று உறுதி கொடுப்பது, உடம்பைத் தொடுவது. இவற்றில் ஒன்று நடந்தாலும் அடுத்த முறை போகாதீர்கள்.

காரணம் அவ்வளவு பெரிதாக இல்லை, ஒத்துப்போகவில்லை என்பது மட்டும்தான் என்றாலும் மாற்றிக்கொள்ளலாம். "இதுவரை உதவியதற்கு நன்றி. வேறொருவரிடம் தொடர முடிவு செய்திருக்கிறேன். இதுவரை நடந்த அமர்வுகளைப் பற்றி ஒரு சுருக்கக் குறிப்புத் தர முடியுமா?" என்று ஒரு செய்தி போதும். அந்தக் குறிப்பு கையில் இருந்தால், புதியவரிடம் முதல் அமர்வை மீண்டும் அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.