என்சிசி கேம்ப்ல இருக்குற பிள்ளையப் பாக்கப் போறீங்களா? இதப் படிச்சிட்டு கிளம்புங்க

பிள்ளைய பத்து நாள் கேம்ப்புக்கு அனுப்பிட்டா மூணாவது நாளே வீட்ல இருப்பு கொள்ளாது, அதுவும் வெளிய தங்கியே பழக்கமில்லாத பிள்ளைன்னா கேக்கவே வேணாம், பெரும்பாலான கேம்ப்ல போனும் கையில வச்சிக்க விட மாட்டாங்க. சரி ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு போய் பாத்துட்டு வந்துரலாம்னு தோணும். தாராளமா போங்க, ஆனா நீங்க வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் பிள்ளை மிச்ச நாள தெம்பா ஓட்டணும், அதுக்கு ஏத்த மாதிரி போங்க.

முதல்ல பர்மிஷன். சொல்லாம கொள்ளாம கேட்டுல போய் நிக்காதீங்க. ஸ்கூல்ல இருந்தோ காலேஜ்ல இருந்தோ பிள்ளைங்கள கூட்டிட்டுப் போன ஏஎன்ஓவுக்கு, அதாவது அங்க என்சிசிய பாத்துக்குற சாருக்கோ மேடத்துக்கோ முந்தின நாளே போன் பண்ணிக் கேளுங்க. சில கேம்ப்ல பேரன்ட்ஸ பாக்கவே விட மாட்டாங்க, சில இடத்துல ஒரு குறிப்பிட்ட நேரம் மட்டும் விடுவாங்க, முடிவு கேம்ப் கமாண்டன்ட் கையில. ஏஎன்ஓ நமக்கு நல்லா தெரிஞ்ச வாத்தியாரா இருக்கலாம், ஆனா அங்க அவரே இன்னொருத்தருக்குக் கீழதான் இருக்காரு, அதனால "சார் நமக்காக கொஞ்சம் பாருங்க சார்"னு அவர தர்மசங்கடத்துல விடாதீங்க. பிள்ளையோட முழுப்பேரு, யூனிட், எந்த கம்பெனி (கேம்ப்ல பிள்ளைங்கள பிரிச்சிருக்குற குரூப்பு), ஆல்ஃபாவா பிராவோவா சார்லியான்னு அவர்கிட்டயே கேட்டு எழுதி வச்சிக்கோங்க. 500, 600 பேரு ஒரே காக்கி யூனிஃபார்ம்ல இருக்குற எடத்துல "எங்க கார்த்தி"ன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. ஆதார் கார்டு ஒரிஜினல் கையில இருக்கட்டும். பொண்ணுங்களப் பாக்கணும்னா அப்பாவோ அம்மாவோ கண்டிப்பா கூட போங்க, சித்தப்பா மாமா மட்டும் போனா கேட்டுலயே திருப்பி அனுப்பிருவாங்க, அதுவும் நல்லதுக்குத்தான்.

என்னைக்குப் போறதுன்னும் விசாரிங்க. ஃபயரிங் இருக்குற அன்னைக்கு வேணவே வேணாம். பாயிண்ட் 22 ரைஃபிள வச்சி குப்புறப் படுத்து 25 மீட்டர் தள்ளி இருக்குற டார்கெட்ட சுடுறதுக்குத்தான் பாதிப் பிள்ளைங்க கேம்ப்புக்கே வராங்க, நம்மளப் பாக்க வந்து அந்த சான்ஸ் போச்சுன்னா அத ஈடுகட்ட முடியாது.

சாப்பாட்டு விஷயம் இருக்கே, இங்கதான் நம்ம அம்மாக்கள் கேக்க மாட்டாங்க. பிரியாணி, முறுக்கு, அதிரசம்னு ஒரு பெரிய பை கட்டிட்டுப் போவாங்க. பல கேம்ப்ல வெளிச் சாப்பாட்ட உள்ள விடுறதில்ல, ஒரு பிள்ளைக்கு வயிறு கெட்டாலும் பதில் சொல்ல வேண்டியது அவங்கதான். விட்டாங்கன்னா அங்கயே உக்கார வச்சி ஊட்டிவிட்டுட்டு வாங்க, பெட்டியில ஒளிச்சி வைக்கக் குடுக்காதீங்க, எறும்பு வரும், செக்கிங்ல மாட்டினா பனிஷ்மென்ட் பிள்ளைக்குத்தான். அத விட உருப்படியான சாமான் சொல்றேன்: ரெண்டு ஜோடி காட்டன் சாக்ஸ், பேண்ட்-எய்டு, தேங்காய் எண்ணெய், ஓடோமாஸ், ஓஆர்எஸ் பாக்கெட், துணி சோப்பு, சேஃப்டி பின், ஷூ பாலிஷ், பெல்ட் பக்கிள பளபளன்னு தேய்க்க பிராசோ பாலிஷ். பொண்ணுங்களுக்கு நாப்கின் கூடவே ஒரு பாக்கெட். இதெல்லாம் நாலு நாள்ல தீர்ந்துபோற சாமான்.

பிள்ளை எதிர்ல வந்து நிக்கும்போது கொஞ்சம் திடுக்குன்னுதான் இருக்கும். பெரே தொப்பி மறைச்ச நெத்தி மட்டும் பழைய கலர்ல இருக்கும், அதுக்குக் கீழ மூஞ்சி பூரா கருத்திருக்கும். டிரில்ல சாவ்தான் (அட்டென்ஷன்), விஷ்ராம் (ஸ்டாண்ட் அட் ஈஸ்)னு கத்திக் கத்தி தொண்டை கட்டியிருக்கும். "ஐயோ இப்படி ஆயிட்டியே"ன்னு அங்க வச்சி அழுதுராதீங்க, அது வரைக்கும் சமாளிச்சிட்டு இருந்த பிள்ளையும் உடைஞ்சிரும். மொதல்ல ஷூவ கழட்டச் சொல்லி குதிகால பாருங்க. புது டிரில் ஷூ கடிச்சி பின்னாடி ஒரு ரூபா அளவுக்கு தோல் உரிஞ்சி சாக்ஸோட ஒட்டிக்கிட்டு இருக்கும், பிள்ளைங்க வாயத் திறந்து சொல்லாது. தண்ணி விட்டு சாக்ஸ மெதுவா எடுத்து, தொடைச்சி, பேண்ட்-எய்டு போட்டு புது சாக்ஸ மாட்டி விடுங்க, மிச்ச நாள் டிரில்ல ஒழுங்கா நிக்கும்.

அப்புறம் அதுவே பேசட்டும். நல்லா சாப்பிட்டியா தூங்கினியான்னு அடுக்காம, யார் பக்கத்துல படுக்குற, உங்க பிஐ ஸ்டாஃப் (டிரில் சொல்லித் தர்ற ஆர்மிக்காரர்) எந்த ஊருன்னு கேட்டுப் பாருங்க, கொட்டித் தீர்த்துரும்.

"என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க"ன்னு சொன்னா? தனியா தள்ளிக் கூட்டிட்டுப் போய் நிதானமா கேளுங்க. வீட்டு ஞாபகம்னா இன்னும் எத்தன நாளுன்னு சேந்து எண்ணிக் காட்டினாலே பாதி சரியாயிடும். பாதியில வந்தா அந்தக் கேம்ப் கணக்குல வராது, என்சிசியோட 'பி', 'சி' சர்டிஃபிகேட் எக்ஸாம் எழுத கேம்ப் வேணும், நாளைக்கு சி சர்டிஃபிகேட்ல நல்ல கிரேடு இருந்தா என்சிசி ஸ்பெஷல் என்ட்ரில எழுத்துத் தேர்வு இல்லாமயே ஆர்மி ஆபீசர் ஆகுறதுக்கான எஸ்எஸ்பி இன்டர்வியூ வரைக்கும் போகலாம், இதெல்லாம் பெரிய பிள்ளைங்ககிட்ட சொல்லலாம். ஆனா காய்ச்சல், வாந்தி, யாராச்சும் அடிக்கிறாங்க, தப்பா நடந்துக்குறாங்கன்னு ஏதாவது வந்தா சமாதானம் சொல்லி விட்டுட்டு வராதீங்க. ஏஎன்ஓகிட்ட, பொண்ணுங்கன்னா லேடி ஏஎன்ஓகிட்டயோ ஜிசிஐகிட்டயோ (பொண்ணுங்களுக்கு டிரெய்னிங் குடுக்குற மேடம்) அப்பவே சொல்லுங்க, அவங்க கண்டுக்கலன்னா நேரா கமாண்டன்ட பாக்கணும்னு கேளுங்க. அந்த நேரத்துல சர்டிஃபிகேட்டெல்லாம் பாக்காதீங்க.

இன்னொண்ணு, யாருமே பாக்க வராத பிள்ளைங்க தூரத்துல நின்னு பாத்துட்டே இருக்கும். உங்க பிள்ளையோட பக்கத்து பெட் பையனையும் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசுங்க, அவங்க அம்மாவுக்கு போன்ல ஒரு தகவல் சொல்லவான்னு கேளுங்க.

வாண்டுகள கூட்டிட்டுப் போனா கைய விடாதீங்க, ரைஃபிள் வச்சிருக்குற பக்கம் போகக் கூடாது, போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க. அவுட்பாஸ் போட்டு வெளிய கூட்டிட்டுப் போறதெல்லாம் நடக்காது, மொத்தமே அரை மணி, ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், அதனால மூணு மணி நேரம் பஸ்ல போறவங்க கூடவே புளிசாதம் கட்டிக்கிட்டு பக்கத்துல ஒரு கோயிலோ டேமோ பாத்துட்டு வர்ற மாதிரி பிளான் பண்ணுங்க. ஃபால்-இன் விசில், அதாவது வரிசையில வந்து நிக்கக் கூப்பிடுற விசில், அடிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க எழுந்துருங்க. விசில் அடிச்ச பிறகு கையப் பிடிச்சிட்டு நின்னா லேட்டா ஓடுறது பிள்ளை, திட்டு வாங்குறதும் அதுதான்.

கிளம்புறப்போ கடைசி நாள் விஷயத்தையும் பேசிட்டு வந்துருங்க. கேம்ப்ல இருந்தே நேரா கூட்டிட்டுப் போகலாமா, இல்ல எல்லாரோடயும் ஸ்கூலுக்குத்தான் வரணுமான்னு ஏஎன்ஓகிட்ட கேளுங்க, நேரா கூட்டிட்டுப் போறதுன்னா யாரு வருவாங்கன்னு ஒரு லெட்டர் எழுதி போன் நம்பரோட கையெழுத்துப் போட்டு அவர் கையில குடுத்துட்டு வாங்க.