நீரிழிவும் ஆறாத வாய்ப்புண்ணும்: ஆன்ட்டிஆக்சிடன்ட்டை நம்பிச் செய்யும் தவறுகள்

பல் பிடுங்கிய இடம், பல்செட் உரசிய ஈறு, தெரியாமல் கடித்துக்கொண்ட கன்னம் என வாயில் புண் வந்து, நீரிழிவால் ஆறாமல் இழுத்தடிக்கும்போது பலர் சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் நெல்லிக்காய் வாங்குகிறார்கள். மருந்துக்கடையில் ஆன்ட்டிஆக்சிடன்ட் மாத்திரை கேட்கிறார்கள். எண்ணத்தில் பிழையில்லை. வரிசைதான் தவறு.

இரத்தத்தில் சர்க்கரை ஏறி நிற்கும்வரை, செல்களைச் சிதைக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் உருவாகிக்கொண்டே இருக்கும்; ஆன்ட்டிஆக்சிடன்ட் என்பது இவற்றை அடக்கும் பொருள், வைட்டமின் சி அதில் ஒன்று. கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகும், புண்ணை மூடும் கொலாஜன் என்ற புரதம் சரியாக உருவாகாது. கொலாஜன் உறுதிப்பட வைட்டமின் சி வேண்டும். ஆனால் அந்த வைட்டமினின் ஒரு வடிவம், குளுக்கோஸ் நுழையும் அதே வாசல் வழியாகத்தான் பல செல்களுக்குள் போகிறது. வாசலை சர்க்கரை அடைத்துக்கொண்டிருக்க, மாத்திரையைக் கூட்டி என்ன பயன்? மருந்தும் சாப்பாடும் சீராகி, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு) இறங்குவதுதான் முதல் சிகிச்சை.

அடுத்த தவறு, பழத்தைச் சாறாக்கிக் குடிப்பது. சர்க்கரை சேர்க்காத ஆரஞ்சுச் சாறும் ஒரு கிளாஸில் (250 மி.லி.) ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை கொண்டது, அதாவது நான்கைந்து தேக்கரண்டி. தேன் நெல்லி அதைவிட மோசம். 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மி.கி. வைட்டமின் சி உண்டு. ஒரு நாளுக்கு அதுவே தாராளம். விதை இல்லாத பழமாகப் பார்த்து, மெல்லிய துண்டுகளாக நறுக்கி, புண் இல்லாத பக்கம் மென்று சாப்பிடுங்கள். பழக்கடையில் தூவித் தரும் புளிப்புப் பொடி வேண்டாம். அதன் உப்பும் புளிப்பும் புண்ணில் எரியும்.

அதிக அளவு மாத்திரைகளில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, இதைப் பலர் அறிவதில்லை. வைட்டமின் சி மிகும்போது சில குளுக்கோமீட்டர்களும் கையில் ஒட்டும் சென்சார்களும் சர்க்கரையை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் சர்க்கரை 4.0 mmol/L-க்குக் கீழே விழுந்துவிடலாம். மென்று தின்னும் சி மாத்திரையின் அமிலம் பல்லை அரிக்கும், புண்ணையும் சுடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர் வைட்டமின் ஈ-யை அதிக அளவில் எடுத்தால் இரத்தக் கசிவு கூடும். புகைப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரையும் ஆகாது: ஃபின்லாந்தில் நடந்த பெரிய ஆய்வில் அதைச் சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் கூடியது என்று 1994-இல் தெரியவந்தது.

புண்மேல் மஞ்சள்தூள், தேன், கிராம்பு எண்ணெய் பூசாதீர்கள். ஈறில் ஆஸ்பிரின் வைத்தால் அந்த இடம் வெந்து வெள்ளையாகிவிடும். 250 மி.லி. வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொப்பளித்தால் போதும். பல் பிடுங்கியிருந்தால் முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது. இரத்தக்கட்டி பெயர்ந்து எலும்பு வெளியே தெரியும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு மருந்து தந்திருந்தால், பல் துலக்கி அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். பற்பசையோடு சேர்ந்தால் அதன் வீரியம் குறையும்.

வலிக்கிறதென்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறீர்களா? கிளிப்பிசைட், கிளிக்லசைட் போன்ற நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அது தாழ்சர்க்கரையில் முடியும். வெறும் கஞ்சியும் சரியல்ல. அதில் முட்டை, தோஃபு, மீன் சேருங்கள். புதுத் தசை வளரப் புரதம் வேண்டும்.

நீண்ட காலம் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவருக்கு வைட்டமின் பி12 குறையலாம். நாக்கு வழுவழுப்பாகி எரியும், அடிக்கடி புண் வரும். இதற்கு ஆன்ட்டிஆக்சிடன்ட் உதவாது, இரத்தப் பரிசோதனைதான் வழி. நெஞ்சுவலிக்குத் தரும் நிக்கோரண்டிலும் வாய்ப்புண் உண்டாக்கும். பல்செட்டை இரவில் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் அதனடியில் பூஞ்சை படரும். புகையிலை இல்லாமல் மென்றாலும் பாக்கு புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பதையும் வெற்றிலை போடும் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், சிவப்பு அல்லது வெள்ளைத் திட்டு, தடிப்பு, மரத்துப்போதல் இவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். போகும்போது மருந்துப் பட்டியல், கடைசி எச்பிஏ1சி முடிவு, நீங்களாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளின் பாட்டில்கள் மூன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.